பல்லி தடுத்த மாப்பிள்ளை

எங்கள் புடவைக் கடைக்குச் செல்லப்பா அண்ணனைத் தேடி யாராவது வந்தால், "எந்தச் செல்லப்பா?" என்று கேட்பது அப்போது என் வழக்கம். கடையில் ஒரே ஒரு செல்லப்பாதான். இருந்தாலும் கேட்பேன். வந்தவர் கொஞ்சம் நெளிந்து, குரலைத் தாழ்த்தி, "பல்லிச் செல்லப்பா" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சேலைப் பகுதிப் பக்கம் கையைக் காட்டுவேன். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு ஊராருக்குப் பெயர் வைக்க நேரம் நிறையக் கிடைக்கும்.

அண்ணன் கோபப்படமாட்டார். நெட்டையான ஆள், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியேதான் நிற்பார். சேலையை விரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நிறுத்தி, "கொஞ்சம் இருங்கம்மா" என்பார். வாங்க வந்தவள் விலை குறைக்கத்தான் யோசிக்கிறார் என்று ஆசையோடு காத்திருப்பாள். அவர் கூரையைக் கூடப் பார்க்காமல், "லைட்டுக்குப் பின்னால ஒண்ணு வந்திருக்கு. புதுசு" என்று சொல்லிவிட்டு முந்தானையை எடுத்துக் காட்டுவார். முதலாளி அவரை வைத்திருந்ததற்குக் காரணம், சேலை மடிப்பதில் அவருக்கு இணையான கை கண்டியில் கிடையாது.

அவர் குடியிருந்தது மகியாவையில், மாத்தளை ரயில் பாதைக்கு மேலே சரிவில் ஒரு ஒற்றை அறை. பின்பக்கம் மண் அணை. அதில் பாசியும் பன்னச் செடியும் தானாக முளைத்துக் கிடக்கும். ஜன்னலுக்குக் கீழே நாலைந்து குரோட்டன்ஸ் சாடி. நான் மாதத்துக்கு ஒரு தடவை போவேன். பாசத்தால் என்று சொன்னால் பொய். என் வீட்டில் சத்தம் அதிகம், அங்கே சத்தமே கிடையாது, அதோடு அவரைச் சீண்டவும் செய்யலாம். என்னைத் தவிர வேறு யாரும் அந்தப் படியேறியதாக எனக்குத் தெரியவில்லை.

மேசை லாச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கொப்பி பதினொன்று வைத்திருந்தார். தேதி போட்டு, அந்த அறையிலும் அணையிலும் கண்டதையெல்லாம் எழுதியிருந்தார். வெளிறிய பல்லி, புள்ளி போட்ட பல்லி, கால் விரலில் நகமில்லாத தடித்த பல்லி. பல்லியில் இத்தனை சாதி இருக்கிறது என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அரணை, மரவட்டை, ஓட்டு நத்தை, ஓடில்லாத நத்தை என்று கீழே கீழே போகும். நான் ஒரு தடவை சும்மா புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. சாதாரண நாளில் மூன்று வரி, நாலு வரிதான். தீபாவளி என்றால் ஒரு பக்கம். தைப்பொங்கல் என்றால் ஒன்றரைப் பக்கம். வருஷப்பிறப்பு அன்றைக்கு ஒரு நத்தை அணையின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறியதை மணி போட்டு எழுதியிருந்தார், காலை எட்டு பத்திலிருந்து பகல் ஒன்று நாற்பது வரைக்கும். அந்த நேரம் நான் வீட்டில் ஆட்டிறைச்சி தின்றுகொண்டிருந்தேன். கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்துவிட்டு வேறு ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தேன்.

இந்தப் பல்லிக் கதை எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டாம் ஆண்டு. அப்போது ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, பௌத்தர்களின் போயா நாளில்தான் கடை மூடும். அப்படி ஒரு போயா நாளில் கட்டுகலைக்குப் பெண் பார்க்கப் போனோம். அண்ணனும், அவருடைய அப்பா அம்மாவும், கூட நானும். பெண் புஷ்பம், அரிசிக் கடைத் தியாகராஜாவின் மூத்த மகள். வீட்டுப் படியின் இரண்டு பக்கமும் பூச்சாடிகளை நெருக்கி வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. புஷ்பம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைக் குனியாமல் அண்ணனை இரண்டு தடவை நேராகப் பார்த்தாள். அண்ணன் ஒரு தடவைதான் பார்த்தார், ஆனால் நீளமாக. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது முடிந்த காரியம் என்று. தியாகராஜா வெற்றிலைத் தட்டை எடுத்து நடுவில் வைத்தார்.

டிக், டிக், டிக், டிக், டிக்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். பெண்ணின் அம்மா விரலால் தரையில் தட்டினாள். பல்லி சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் திசை திசையாகப் போட்டிருக்கும். ஒரு திசைக்கு நல்லது, ஒரு திசைக்குக் கெட்டது. சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மட்டும் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் அவரவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு யாரும் எதையும் எடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கும்பிட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் தியாகராஜா எங்கள் கடையின் பின்வாசலுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செல்லப்பாவின் அப்பா இந்தியாவுக்குப் போக மனுப் போட்டிருக்கிறாராமே, குடும்பத்தில் எல்லார் பெயரும் அதில் இருக்கிறதாமே, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏற்றவா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அவர் என் தோளில் கை வைத்து, மனுக் கதையைச் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு மனசு நோகும், பல்லி சகுனம் சரியில்லை என்று சொல்லிவிடு என்றார். பாதிப் பேருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத எங்கள் ஆட்களிடம் அப்போது அது ஒரு முறை மாதிரியே இருந்தது. உனக்கு எந்த நாடு என்று முகத்துக்கு நேரே கேட்க யாருக்கும் வாய் வராது. பல்லி எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது, அது திருப்பிப் பேசாது.

நான் போய்ச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த சேலையை மடித்து முடித்தார்.

உண்மை என்னவென்றால், பெண் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே அவர் தன் பெயரை அப்பாவின் மனுவிலிருந்து எடுத்துவிட்டு, இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறார். அது எனக்கு எழுபத்தொன்றில்தான் தெரிந்தது. அப்பா அம்மா தம்பி எல்லாரும் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள், இவர் மட்டும் ஸ்டேசனிலிருந்து என்னோடு கடைக்குத் திரும்பி வந்தார். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி யாராவது கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. நானும்தான். அதற்குள் புஷ்பத்துக்குக் கெலிஓயாவில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரோடு கலியாணம் முடிந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

பிறகு இரண்டு மூன்று இடத்தில் அண்ணனுக்குப் பேசினார்கள். பல்லி தடுத்த மாப்பிள்ளை என்ற கதை அவருக்கு முன்னால் போய்க் கதவைத் தட்டிவிடும். அந்தக் கதையைப் பரப்பியதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்க்க விரும்பவில்லை. நல்ல கதை கிடைத்தால் எனக்கு வயிற்றில் தங்காது. மனுக் கதையை மட்டும் தங்க வைத்துக்கொண்டேன்.

நான் பல்லியைச் சொன்ன அன்றைக்கு அண்ணன் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, அது எந்தப் பல்லி என்பதுதான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன்னை வேண்டாம் என்று சொன்னது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறதே. அன்றிலிருந்துதான் சுவரைப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு பல்லியும் எப்படிக் கத்துகிறது, எத்தனை தரம் கத்துகிறது, எந்த மணிக்குக் கத்துகிறது என்று முதல் கொப்பி முழுக்க அதுதான். மற்றப் பூச்சி புழுவெல்லாம் வழியில் சேர்ந்துகொண்டவை.

எண்பதில், ஐப்பசி மழைக்காலத்தில், ஒரு நாள் காலை கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு.

"கிருஷ்ணா, அது பல்லி இல்ல."

எது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். பல்லி கத்தும்போது கடைசியில் சத்தம் தளர்ந்து இறங்கும், எந்தச் சாதிப் பல்லியானாலும் அப்படித்தான். கட்டுகலையில் கேட்டது இறங்கவில்லை. ஐந்து தரமும் ஒரே அளவாகக் கத்தி, வெட்டினாற்போல நின்றது. பன்னிரண்டு வருஷமாக அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முந்தின நாள் பின்னேரம், மழையில், அதே சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்டிருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு குரோட்டன்ஸ் சாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறார். கிட்டப் போனால் நின்றுவிடும், அசையாமல் இருந்தால் மறுபடி தொடங்கும். சத்தம் இங்கே கேட்கும், ஆள் வேறெங்கோ இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் இலையின் மேல் கண்டிருக்கிறார்.

"தவக்களண்ணா தவக்கள. என் பெருவிரல் நகத்தளவுதான். மரப்பட்ட நெறம். தொண்டைய இப்பிடி முட்டையாட்டம் ஊதிக்கிட்டு, டிக், டிக்னு."

என்னை அவர் அண்ணா என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். தான் என்ன சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தவளைக்குக் குளமும் வேண்டாமாம், வாய்க்காலும் வேண்டாமாம். சாடி மண்ணுக்குள்ளேயே முட்டையிட்டு, வால் முளைக்காமல் குட்டி நேராகத் தவளையாகவே வெளியே வருமாம். போன வருஷம் சாடி மண்ணில் அரிசியளவுக் குட்டிகளைக் கண்டு எழுதி வைத்தபோது யாருடைய பிள்ளைகள் என்று தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது என்றார். கட்டுகலை வீட்டுப் படியில் சாடிகள் இருந்தது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"புஷ்பத்துக்குத் தெரியணும்" என்றார்.

நான் எல்லா வழியிலும் தடுத்துப் பார்த்தேன். அவள் இரண்டு பிள்ளைக்குத் தாய் என்றேன். புருஷன் என்ன நினைப்பான் என்றேன். தவளையைக் காட்டிப் பெண் கேட்க இனி நேரம் போய்விட்டது என்று பகிடியும் விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெண் கேட்கப் போகவில்லை என்றார். கெட்ட சகுனத்தோடு வந்தவன் என்று அந்த வீட்டில் ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது சரியில்லை, அதைத் திருத்திவிட்டு வந்துவிடுவேன் என்றார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பல்லியால் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர் அவர் இல்லை என்று அந்த ஒருத்திக்குத் தெரிய வேண்டும்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

அடுத்த போயாவுக்கு பஸ் ஏறினோம். அண்ணன் மடியில் ஜாம் போத்தல். மூடியில் ஆணியால் ஓட்டை, உள்ளே ஈரப் பாசி, பாசியில் அந்த நகத்தளவு மனிதர். பேராதனைச் சந்தியில் கூட்டம் ஏறியபோது போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, மருந்தா என்று கேட்டாள். அண்ணன் ஓம் என்று தலையாட்டினார்.

புஷ்பத்தின் கடையும் வீடும் ஒன்றுதான், கம்பளை வீதியில். புருஷன் ஊருக்குப் போயிருந்தார். புஷ்பம் தடித்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், ஆனால் ஆளை நேராகப் பார்க்கிற பார்வை அப்படியே இருந்தது. எங்களைக் கண்டதும் ஒரு கணம் தராசுத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னாள்.

அண்ணன் போத்தலை மேசையில் வைத்தார். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்ததை ஐந்து நிமிஷத்தில் சொன்னார். பல்லியின் சத்தம் எப்படி இறங்கும், இது எப்படி இறங்காது என்று நாக்கைத் தட்டிக் காட்டினார். இப்போது கத்தும் பாருங்கள் என்றார். மூன்று பேரும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கத்தவில்லை. பாசிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி வந்தது, குடித்தோம். அது கத்தவில்லை. சுவர் மணிக்கூடு மூன்றரை அடித்தது. அண்ணனின் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நான் கண்ணால் கேட்டேன்.

அப்போது மழை தகரத்தில் விழுந்தது. சாரலாகத்தான். வெளியே, கடை வாசலில், பழைய மண்ணெண்ணெய் டின்களில் புஷ்பம் வளர்த்திருந்த செடிகளுக்குள்ளிருந்து வந்தது.

டிக், டிக், டிக், டிக், டிக்.

இன்னொன்று கொஞ்சம் தள்ளிப் பதில் சொன்னது. அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. புஷ்பம் குடையில்லாமல் வாசலுக்குப் போய், டின்களுக்கு நடுவில் குனிந்து நின்றாள். வெகு நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தெனம் கேக்குறதுதான். பல்லினுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "பல்லிக்குப் பயந்த மனுசன்னு உங்களயும் நெனச்சிட்டிருந்தேன்."

அண்ணனுக்கு விளங்கவில்லை. "நானா?"

"அப்பா அப்பிடித்தான சொன்னாரு. மாப்பிள வீட்டுல சகுனம் சரியில்லனு வேணாம்னுட்டாங்கனு. நான் மூணு நாள் சாப்பிடல. பொறகு, பல்லிக்குப் பயப்படுறவர கட்டி என்ன செய்யனு மனச தேத்திக்கிட்டேன்."

தியாகராஜா அந்தப் பக்கமும் பல்லியைத்தான் விற்றிருக்கிறார். அது எனக்கே புதுச் செய்தி. ஊர்க் கதையெல்லாம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு.

"நாங்க வேணாம்னு சொல்லலயே" என்றார் அண்ணன். "உங்க பக்கம்தான்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு கழுத்தைச் சாய்த்து என் பக்கம் திரும்பினார். புஷ்பமும் திரும்பினாள். என் வாயில் எப்போதும் ஒரு பகிடி இருக்கும், அன்றைக்கு நாக்கு மட்டும்தான் இருந்தது.

சொன்னேன். பின்வாசலில் தியாகராஜா சொன்னதை, மனுவை, கப்பலை, எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் செத்துப்போயிருந்த தியாகராஜாவைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, மகள் முன்னால்.

புஷ்பம் ஒரு கணக்குச் சரிவராதவள் மாதிரி, "இந்தியாவுக்கா?" என்றாள். "இவரு இங்கதான இருக்காரு."

"ஓம்" என்றார் அண்ணன். "இங்கதான் இருக்கேன்."

கடைக்கு யாரோ மண்ணெண்ணெய் கேட்டு வந்தார்கள். அவள் எழுந்து போனாள். அளந்து ஊற்றுகிற சத்தம் கேட்டது. நாங்கள் புறப்பட்டபோது புஷ்பம் படிவரைக்கும் வந்து, போத்தலைக் காட்டி, இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமே, கூட்டாளிகள் இருக்கிறார்களே என்றாள். அண்ணன் யோசித்தார். இது மகியாவை அணையில் பிறந்தது, எடுத்த இடத்திலேயே விட வேண்டும், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிக் கும்பிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஏசினால் நன்றாக இருக்கும் என்று நான் காத்திருந்தேன். பேராதனைப் பாலத்தில் ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"பல்லினு நீ சொன்னப்ப, பொய்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"நான் கொப்பி எழுதுறப்பவும் தெரியும்."

"தெரியும்."

தலையாட்டினார். மூடியின் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கண்டியில் இறங்கியதும், மழை விட்டுவிட்டது, நடந்து போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருக்கமாட்டார். அது அவர் குணம். அதனால்தான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்படியே ஒரே கடையில் நின்றோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கத்தரிக்கோல் கேட்டால் கொடுத்தார், பெருநாள் நெரிசலில் எனக்குத் தேத்தண்ணி வாங்கி வைத்தார். சேலையை விரிக்கும்போது கையை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பது மட்டும் நின்றுபோனது. லைட்டுக்குப் பின்னால் எது வந்தாலும் வந்த மாதிரிதான். மகியாவைப் படியில் நான் ஏறவில்லை. மாதம் பிறக்கும்போது இந்த மாதம் போக வேண்டும் என்று நினைப்பேன், மாதம் முடிந்துவிடும். யாராவது வந்து பல்லிச் செல்லப்பாவைக் கேட்டால், அப்படி இங்கே யாரும் இல்லை, செல்லப்பா என்று ஒருவர் இருக்கிறார் என்பேன். பெயரை வைப்பது சுலபம். நான் எடுத்தாலும் ஊர் எடுக்கவில்லை.

போன ஐப்பசியில் என் வீட்டில் ஒரு பின்னேரம் சத்தம் கேட்டது. என் மனைவி பல்லி சொல்லுது என்று தரையில் தட்டினாள். நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அரை மணி நேரம் குந்தியிருந்ததில் முழங்கால் செத்துப்போனது, ஆனால் கண்டுபிடித்துவிட்டேன். செம்பருத்தி இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு தொண்டையை ஊதிக்கொண்டிருந்தது. காலையில் கடைக்குப் போனதும் முதல் வேலையாகச் சேலைப் பகுதிக்குப் போனேன்.

"அண்ணே, நம்ம வீட்டு வாசல்லயும் ஒண்ணு இருக்கு. நானே பாத்தேன்."

அவர் மடித்துக்கொண்டிருந்த சேலை நின்றது. கழுத்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அதைப் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"எத்தன தரம் கத்துச்சு?"

நான் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றவேயில்லை. ஐந்து என்று சொல்லியிருக்கலாம். அந்த வாய் எனக்கு உண்டு. அவர் கேட்ட விதத்தைப் பார்த்து, "எண்ணலண்ணே" என்றேன்.

"எண்ணணும்" என்றார். சேலையின் அடுத்த மடிப்பை எடுத்தார்.

இப்போது மழை பெய்கிற நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்து எண்ணுகிறேன். ஏழு, நாலு, ஐந்து. பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றில் எழுதியும் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அந்தப் படியேற வேண்டும் என்பதுதான் யோசனை. அண்ணன் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். இந்தத் தீபாவளிக்கும் அங்கேதான் இருந்திருப்பார்.